மீண்டும் வரச் செய்வது எது?

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சென்ற கூட்டம் எப்படி முடிந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். நம் ஊர்க் குளக்கட்டின் கீழே ஆறு மண்குடிசைகள் அமைத்து, கிடுகால் வேய்ந்து, உல்லாசப் பிரயாணிகளை வரவழைக்க வேண்டும் என்று வாலிபர் பக்கத்தில் ஒரு பிரேரணை வந்தது. அப்படிச் செய்தால் ஊர் கெட்டுவிடும் என்று பெரியோர் பக்கத்தில் மறுப்பு வந்தது. இரவு பத்து மணி கடந்தும் முடிவு காணாமல், பல்கலைக்கழகத்திலே படிக்கிற தம்பி இதுபற்றி அடுத்த மாதம் பேசட்டும் என்று என் தலையிலே சுமத்திவிட்டுக் கலைந்து சென்றீர்கள். சுமத்தியவர்கள் இரு பக்கத்தாரும் ஆதலால், இரு பக்கத்தாருக்கும் இன்று சிறிது மனவருத்தம் உண்டாகக்கூடும். முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒருவர் ஒரு கிராமத்துக்கு முதல்முறை வருவதற்கு ஆயிரம் காரணங்கள் இருக்கலாம். பத்திரிகையில் ஒரு படம், வழியில் ஒரு பெயர்ப்பலகை, கூட வந்தவரின் பிடிவாதம், இவற்றில் எதுவும் போதும். இரண்டாம் முறை அவர் ஏன் வருகிறார் என்பதே என் கேள்வி. இலங்கைக்கு 2018 ஆம் ஆண்டில் 23 இலட்சத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டார் வந்தனர். அவர்களுள் ஒரு சிறு பங்கினரேனும் வன்னிக்கு வரட்டும் என்று நம் நண்பர்கள் ஆசைப்படுவது நியாயமே. ஆனால் வருடத்துக்கு வருடம் புதுப்புது முகங்களை எதிர்பார்த்து வாழும் கிராமம், மழையை மட்டும் நம்பிய மானாவாரி வயலைப் போன்றது. திரும்பி வருகிறவனே நமக்குக் குளத்துத் தண்ணீர்.

முதலில் நம் கண்முன்னே நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் குடும்பம் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது எனக்கு எட்டு வயது. தகரக் கொட்டிலில் இருந்தோம். அந்த நாட்களிலே கண்டி வீதி திறந்துவிட்டது. தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக ஜனங்கள் வந்தார்கள். கிளிநொச்சியிலே சரிந்து கிடந்த பெரிய தண்ணீர்த் தாங்கியைப் பார்த்தார்கள். புதுக்குடியிருப்புப் பக்கத்திலே நிலத்துக்குக் கீழ் மாடிமாடியாய் அமைந்திருந்த பதுங்கு வீட்டைப் பார்த்தார்கள். முல்லைத்தீவுக் கடற்கரையிலே 2006 ஆம் ஆண்டு கரைதட்டிய பாரா என்ற கப்பலின் துருப்பிடித்த கூட்டையும் பார்த்தார்கள். ஒரு நாள் ஒரு பஸ் எங்கள் வேலியோரம் நின்றது. சக்கரத்துக்கு ஏதோ கோளாறு. இறங்கியவர்கள் சும்மா நிற்க முடியாமல் எங்களைப் பார்த்தார்கள். அம்மா உரலில் மா இடித்துக்கொண்டிருந்தார். ஒருவர் படம் எடுத்தார். பின்பு நாலைந்து பேர் எடுத்தார்கள். ஓர் அம்மையார் எனக்கு ஒரு பிஸ்கட் பொட்டலம் தந்தார். நான் ஓடிப்போய் வாங்கினேன். அம்மா முகத்தை வேலிப்பக்கம் திருப்பிக்கொண்டு இடித்ததை நான் மறக்கவில்லை.

அவர்கள் கெட்டவர்கள் அல்லர். பிஸ்கட் தந்த அம்மையார் அழுதுகொண்டு நின்றார் என்று அம்மாவே பின்னாளில் சொன்னார். வெளிநாட்டிலிருந்து வந்த நம்மவர்களும் அதே இடிபாடுகளின் முன் நின்று அதே வகையான படங்களை எடுத்துச் சென்றார்கள். அதையும் மறைக்க வேண்டியதில்லை. நான் சொல்ல வருவது வேறு. அந்தப் பதுங்கு வீடு 2013 இல் தகர்க்கப்பட்டது. கப்பலையும் உடைத்து எடுத்துவிட்டார்கள். பார்க்க வந்த ஆயிரக்கணக்கானோரில் எத்தனை பேர் மறுபடி முல்லைத்தீவுக்கு வந்தார்கள்? வர வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. பார்த்தாகிவிட்டது, கணக்குத் தீர்ந்தது. வெறும் காட்சியாக இருக்கும் எதற்கும் இதுதான் கதி. இடிபாடாயினும் சரி, அலங்கரித்த மண்குடிசையாயினும் சரி, ஒரு பார்வையில் முடிந்துவிடும்.

நிற்க. திரும்பத் திரும்ப ஜனங்கள் வரும் இடங்கள் இதே வன்னியிலே இல்லையா? முறிகண்டிப் பிள்ளையாரைப் பாருங்கள். கோபுரத்தின் உயரத்தைக் கண்டு அங்கே யாரும் இறங்குவதில்லை. ஆயினும் யாழ்ப்பாணம் போகிறவரும் வருகிறவரும், சைவரோ கிறித்தவரோ பௌத்தரோ, வண்டியை நிறுத்திக் கும்பிட்டு, ஒரு தேங்காயை உடைத்து, ஒரு சரை கச்சான் வாங்கிக்கொண்டுதான் போகிறார்கள். போகும்போது நிறுத்தினவர் வரும்போது நிறுத்தாமல் போனால் அவருக்கே ஏதோ குறையாக இருக்கிறது.

நான் மிஷன் பாடசாலையிற் கற்றவன். என் வகுப்புத் தோழர் பலர் ஆவணித் திருநாளுக்கு மடுவுக்குப் போவார்கள். குடும்பத்தோடு காட்டிலே கூடாரம் அடித்து, மரத்தடியில் அடுப்பு மூட்டி, நாட்கணக்காக இருப்பார்கள். ஒருவன் சொன்னான், அவன் பாட்டனார் காலந்தொட்டு அவர்களுக்கு அதே மரத்தடிதானாம். பக்கத்து மரத்தடியில் நீர்கொழும்பிலிருந்து வரும் ஒரு சிங்களக் குடும்பம். வருடம் முழுவதும் ஒருவரையொருவர் நினைப்பதில்லை. ஆவணி வந்தால், அந்தக் குடும்பத்துக் கிழவனார் இன்னும் இருக்கிறாரோ என்ற விசாரம் இங்கே தொடங்கிவிடும். இதைக் கேட்டபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. எங்களுக்கும் வற்றாப்பளை இருக்கிறதே என்று பதில் சொன்னேன்.

வற்றாப்பளைக் கதையை இந்தச் சபையிலே நான் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் நம் விஷயத்துக்கு அது எப்படிப் பொருந்துகிறது என்பதை ஒருமுறை பார்ப்போம். நந்திக்கடல் ஓரத்தில் மாடு மேய்க்கும் சிறுவர்களிடம் ஒரு கிழவி வருகிறாள். ஊரும் தெரியாது, பேரும் தெரியாது. கந்தை உடுத்தவள், பசித்தவள். சிறுவர்கள் இலைதழைகளால் ஒரு பந்தல் இட்டு அவளை இருத்திப் பொங்கிக் கொடுக்கிறார்கள். பொழுது படுகிறது, விளக்கு வேண்டும் என்கிறாள். எண்ணெய் இல்லை. கடல்நீரை அள்ளி விளக்கேற்றச் சொல்கிறாள், எரிகிறது. தலை கடிக்கிறது, பேன் பாருங்கள் என்கிறாள். மயிரை விலக்கிய சிறுவர்கள் தலை முழுவதும் கண்களைக் காண்கிறார்கள். மதுரையை எரித்த கண்ணகை அவள். மீண்டும் வைகாசியில் வருவேன் என்று சொல்லி மறைந்தாள் என்று எங்கள் அம்மம்மா சொல்லுவார்.

சிறுவர்கள் அவளுக்குக் காட்டிய காட்சி ஒன்றுமில்லை. நந்திக்கடலை வந்து பார் என்று அழைக்கவுமில்லை. தாங்கள் உண்ணுவதில் பங்கு கொடுத்தார்கள். அவள் கேட்ட சிறு வேலையைச் செய்தார்கள். பேன் பார்ப்பது, ஐயா, நம் வீட்டாருக்கு மட்டும் நாம் செய்கிற வேலை. அந்த நிலைக்கு அந்நியப் பெண்ணை அவர்கள் ஒரு பொழுதில் கொண்டுவந்துவிட்டார்கள். வந்தவள் வருடந்தோறும் வருகிறாள். அவளைப் பார்க்க ஆயிரமாயிரம் பேர் வருடந்தோறும் வருகிறார்கள். சிலாவத்தைத் தீர்த்தக்கரையிலே கடல்நீர் எடுத்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலிலே அந்த நீரில் விளக்கெரித்து, அங்கே பொங்கி, மறுநாள் திங்கட்கிழமை வற்றாப்பளையிலே பொங்குகிறோம். செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்வோர் அந்தப் பொங்கலுக்கு வந்து தங்கிப் போகிறார்கள். யார் விளம்பரம் செய்தார்கள்?

மரத்தடியில் வந்து நின்ற மூன்று அந்நியரை ஆபிரகாம் ஓடிச்சென்று உபசரித்த கதையைப் பாடசாலையிலே வேதாகம வகுப்பில் கேட்டபோது, இது வற்றாப்பளைக் கதை போல இருக்கிறதே என்று நான் சொன்னேன். ஆசிரியர் கோபிக்கவில்லை. திருக்குறளில் ஒன்பதாம் அதிகாரத்தைப் படித்துக்கொண்டு வா என்றார். விருந்தோம்பல் என்ற அந்த அதிகாரத்திலே, முகர்ந்தால் வாடும் அனிச்சப்பூவையும் நம் முகம் மாறினால் வாடும் விருந்தினரையும் வள்ளுவர் ஒருங்கு வைத்திருப்பதை எனக்கு விளக்கியவர் அந்தக் கிறித்தவ ஆசிரியரே. 1886 இல் திருக்குறளை ஆங்கிலத்தில் வெளியிட்ட போப்பையரும் பாதிரியார்தாமே.

இனிப் பெரியோர்களின் கவலைக்கு வருகிறேன். வெளியார் வந்தால் ஊர் கெடும் என்பதற்கு உதாரணம் உலகிலே உண்டு. யப்பான் தேசத்து மலைநாட்டிலே சிரகவா என்றொரு கிராமம். அங்குள்ள வீடுகளின் கூரைகள் கூப்பிய கைகளைப் போலச் செங்குத்தாக நிற்கும். பனி வழுக்கி விழுவதற்காக அப்படி. புல்லால் வேய்ந்தவை. ஒரு கூரையைப் புதுக்கும்போது நூற்றுக்கு மேற்பட்ட ஊரவர் கூடி வேலை செய்வார்கள். இன்றைக்கு உன் வீடு, நாளைக்கு என் வீடு என்ற முறை. நம் ஊர்களிலும் மாரிக்கு முன் வீடு வேயும்போது இனசனம் கூடி வேலை செய்து, சேர்ந்திருந்து உண்டதைப் பெரியோர்கள் அறிவீர்கள். விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்று 1971 இல் அவ்வூரார் தமக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். 1995 இல் அது உலக மரபுரிமைத் தலமாயிற்று. நல்லதுதான். ஆனால் முழுச் சனத்தொகையே ஏறத்தாழ 1,600 ஆன அந்தக் கிராமத்துக்கு 2019 ஆம் ஆண்டில் 15 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வந்தனர். பெரும்பாலோர் பஸ்ஸில் வந்து, சில மணி நேரம் நின்று, படம் எடுத்துப் போகிறவர்கள். குளிர்கால விளக்கலங்காரத்துக்கு முன்பதிவு செய்தவர்களே வரலாம் என்று அவ்வாண்டிலே கட்டுப்பாடும் கொண்டுவந்தார்கள். கூரையை அவர்கள் காப்பாற்றிக்கொண்டார்கள். அமைதியைக் காப்பாற்றுவதுதான் கடினமாய்ப் போயிற்று.

வாலிப நண்பர்கள் விரும்பும் மண்குடிசைக்கு உதாரணம் தேடி யப்பான் வரை போக வேண்டாம். ஹபரணைக்குப் பக்கத்திலே ஹிரிவடுன்னை என்ற இடத்தில் மாட்டுவண்டியிலே ஏற்றி, குளத்தில் தோணிவிட்டு, மண்குடிசையிலே சட்டியில் சமைத்த சோறு பரிமாறிப் பிரயாணிகளை அனுப்பிவைக்கிறார்கள். பலருக்குப் பிழைப்பு, நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அது சீகிரியா மலைக்கும் அடுத்த ஹோட்டலுக்கும் நடுவே உள்ள அரைநாள் வேடிக்கை. சீகிரியா பக்கத்தில் இருப்பதால் அங்கே நாளும் புதியவர்கள் வருவார்கள். நமக்குப் பக்கத்திலே சீகிரியா இல்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு. நம் ஊர் பார்வைக்குப் பழைய ஊர் அன்று. சிரிக்காதீர்கள், உண்மை. சுற்றிப் பாருங்கள். பெரும்பாலான வீடுகள் 2010 க்குப் பின் இந்திய வீட்டுத்திட்டத்திலும் பிற திட்டங்களிலும் எழுந்த சீமெந்து வீடுகள். நம் பாட்டன்மாரின் மால்வீடுகளும் கொட்டில்களும் சண்டையிலே போய்விட்டன. நாங்கள் அதே வீடுகளில் மின்விசிறியின் கீழ் படுத்துக்கொண்டு, குளக்கட்டிலே ஆறு பொய்க்குடிசைகளைக் கட்டி, இதுதான் எங்கள் பாரம்பரியம் என்று வந்தவருக்குக் காட்டுவதா? இரண்டாம் நாளே அவர் கண்டுகொள்வார். கண்டுகொண்டவர் திரும்பி வரமாட்டார்.

அப்படியாயின் நம்மிடம் எஞ்சியிருக்கும் பழமை எது? இந்தக் கேள்விக்கு எனக்கு விடை தந்தவர் பேராதனையிலே என்னோடு படிக்கும் ஒரு சிங்கள மாணவர். குருநாகல் பக்கத்துக் கமக்காரர் வீட்டுப் பிள்ளை. 2023 ஆம் ஆண்டு மாசி மாதத்தில், காலபோக அறுவடைக்கு என்னோடு வந்தார். எனக்கோ உள்ளூர வெட்கம். மாடு கட்டிச் சூடு மிதித்த காலத்தையும், களத்திலே மட்டும் வழங்கிய தனிச் சொற்களையும் அவரிடம் பேராதனையிலே பெருமையாகச் சொல்லியிருந்தேன். வந்து பார்த்தால் அறுவடை இயந்திரம் உறுமிக்கொண்டு நிற்கிறது. எங்கள் ஊரார் அதற்குச் சுனாமி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். காலையிலே வயலில் இறங்கியது. மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது.

நண்பர் ஒன்றும் சொல்லாமல் மூட்டை தூக்கினார். களத்து ஓரத்திலே எங்களோடு இருந்து சோறு உண்டார். அப்பா முதல் நெல்லைக் கோயிலுக்கென்று தனியே அளந்து வைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். தங்கள் ஊரிலும் விகாரைக்கு இப்படி வைப்பார்கள் என்றார். புது நெல்லரிசிப் புக்கையை அம்மம்மா கொடுத்தபோது, ஆச்சி என்று கூப்பிட்டார். அவர் மொழியிலும் அது பாட்டிக்குப் பெயர். நம் மொழியிலும் அதுதான். இருவருக்கும் தெரிந்த பொதுச்சொல் அந்த ஒன்றே. அதை வைத்துக்கொண்டு மூன்று நாள் இருவரும் பேசினார்கள்.

புறப்படும்போது அம்மம்மா, "தம்பி, இப்ப வந்து என்னத்தைக் கண்டனி? ஆனியில வா மோனை, பாலைப்பழம் பழுத்திருக்கும்" என்றார். நான் மொழிபெயர்த்தேன். ஒரு மரியாதைப் பேச்சு என்றே நினைத்தேன். ஆனி பிறந்தது, நண்பர் தம் துணிப்பையோடு வந்து நின்றார். பாலைப்பழத்தைத் தின்று, பால் ஒட்டி இரண்டு உதடும் பிரியாமல் அவர் பட்ட பாட்டை நாங்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். வில்பத்துக் காட்டிலே கரடியைக் காண விரும்புகிறவர்கள் பாலை பழுக்கும் காலம் பார்த்துப் போவார்களாம்; கரடிக்கும் அந்தப் பழம் அத்தனை பிரியம். அதை அவர்தான் எனக்குச் சொன்னார். திரும்பும்போது அம்மம்மா, "மாரி பெய்யட்டும். குளம் வான் பாயேக்க ஒருக்கா வந்து பார்" என்றார். மார்கழியிலே, மழையிலே, ஒரு குடையோடு வந்தார். வான் பாயும் தண்ணீரில் ஊர்ப்பிள்ளைகளோடு மீன் பிடித்தார். எங்கள் வீட்டிலே அவருக்கென்று ஒரு பாய் இருக்கிறது. வேறு யாராவது அதில் படுத்தால், அது அந்தத் தம்பியின்ர பாய் என்று அம்மம்மா எழுப்பிவிடுவார்.

ஒரு நாள் நான் நேரே கேட்டேன்: உங்கள் குருநாகலிலும் குளம் இருக்கிறது, வயல் இருக்கிறது, இங்கே எதைக் காண வருகிறீர்? அவர் சொன்னார்: "உங்கள் குளத்தைக் காண நான் வரவில்லை. ஒவ்வொரு முறையும் ஆச்சி ஏதாவது ஒன்றை மிச்சம் வைத்து அனுப்புகிறார்."

அன்பர்களே, கண்ட நூல்களிலெல்லாம் தேடியும் எனக்குக் கிடைக்காத விடை அது. அரங்கிலே போடும் கிராமம் முழுவதையும் ஒரே நாளில் காட்டிவிடுகிறது. மாட்டுவண்டி, உலக்கை, கூத்து, குரக்கன்களி, எல்லாம் மதியத்துக்குள். மெய்யான கிராமத்துக்கு அது முடியாது. மாசியில் அறுவடை, வைகாசியில் பொங்கல், ஆனியில் பாலைப்பழம், மார்கழியில் வான் பாய்ச்சல். ஒரு முறை வந்தவன் ஒரு பங்கைத்தான் காண்கிறான். மீதியைச் சொல்லி, வா என்று அழைக்க ஒரு மனிதர் அங்கே இருக்க வேண்டும். வந்தால் அடையாளம் கண்டுகொள்ளவும் வேண்டும். குளமும் காலமும் கோயிலும் விருந்து கேட்கும் வாயும் நம்மிடம் எஞ்சியிருக்கின்றன. சண்டை கூரைகளைக் கொண்டுபோயிற்று. இவற்றைக் கொண்டுபோகவில்லை.

ஆகையால் பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். வருகிறவர் சிலராகவும், வீட்டு விருந்தினராகவும், நம் காலத்தையும் நம் ஒழுங்கையும் அனுசரித்தும் வந்தால் ஊர் எப்படிக் கெடும்? நேபாள தேசத்திலே சிருபாரி என்ற மலைக்கிராமம் 1997 முதல் இவ்வாறு நடத்தியது. கூர்க்காப் படையிலிருந்து ஓய்வுபெற்று வந்தவர்கள் அங்கே முன்னின்றார்கள். ஹோட்டல் கட்டவில்லை. வருகிறவரை ஊர்ச்சபை மாலையிட்டு வரவேற்று, இன்றைக்கு இந்த வீடு, நாளைக்கு அந்த வீடு என்று முறை வைத்துப் பங்கிட்டது. ஒருவனே பணம் சேர்க்க இடமில்லை. விருந்தினரைப் பிடித்து இழுக்கவும் இடமில்லை. நம் குளத்துத் தண்ணீரை முறைவைத்துப் பங்கிடுகிற நமக்கு இது புதிய வித்தையா?

வாலிபர்களுக்குச் சொல்ல வேண்டியது சற்றுக் கசப்பானது. குடிசை கட்டக் கடன் வாங்கலாம் என்று சென்ற கூட்டத்தில் ஒருவர் சொன்னார். நுண்கடன் என்ற பெயரிலே நம் தாய்மாரும் அக்காமாரும் பட்ட பாடு போதாதா? கிழமைக்குக் கிழமை வாசலிலே வந்து நிற்கும் கடன்காரருக்குப் பயந்து பின்வேலியால் போன பெண்களை நாம் அறிவோம். வறட்சி கண்ட மாவட்டங்களில் அந்தக் கடன்களில் ஒரு பகுதியை 2018 இல் அரசாங்கமே இரத்துச் செய்ய வேண்டி வந்தது. விருந்தினருக்கென்று ஒரு சதமும் கடன் எடுக்க வேண்டாம். உள்ள வீட்டில் ஓர் அறை, ஒரு நுளம்பு வலை, கொதித்தாறிய நீர், தண்ணீர் உள்ள துப்புரவான மலசலகூடம். கடைசியாகச் சொன்னது சிறிய விஷயமன்று. அது இல்லாத வீட்டுக்குத் திருக்குறள் அதிகாரம் முழுவதையும் ஒப்புவித்தாலும் ஒருவரும் இரண்டாம் முறை வரமாட்டார்.

படம் எடுப்பதைப் பற்றியும் ஓர் ஒழுங்கு வேண்டும். வீட்டாரைக் கேளாமல் எடுக்கலாகாது என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சொன்னால் கோபித்துக்கொள்வார்கள் என்று பயப்பட வேண்டாம். சொல்லாதபடியால்தான் அன்றைக்கு அந்த பஸ்காரர்கள் எடுத்தார்கள்.

இன்னும் ஒன்று. இந்த யோசனைகளை நான் வீட்டில் உற்சாகமாக விவரித்தபோது, அம்மா கேட்டார்: "நீ பேராதனைக்குப் போயிடுவாய். உலை வைக்கிறது ஆர், தண்ணி அள்ளுறது ஆர்?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. விருந்தோம்பலுக்கு நாம் இளையான்குடிமாற நாயனாரைச் சொல்லுகிறோம். மழை இரவிலே, அன்று விதைத்த நெல்லை வாரிக்கொண்டு வந்து அடியாருக்கு அன்னமிட்டார் என்று பிரசங்கிக்கிறோம். அந்த நெல்லை வாரி வரலாம் என்று யோசனை சொன்னவர் அவர் மனைவியார். அதைப் பக்குவஞ் செய்து சமைத்தவரும் அவரே. அந்த அம்மையாரின் பெயர் இந்தச் சபையில் யாருக்காவது தெரியுமா? எனக்குத் தெரியாது. சமைத்த கையிலேயே பணம் சேர வேண்டும். தண்ணீர் அள்ளுவதும் பாய் விரிப்பதும் ஆண்பிள்ளைகள் வேலை என்று சங்கம் எழுதிவைக்க வேண்டும். இதற்கு உடன்படாத வீட்டுக்கு விருந்தினர் முறை இல்லை. பின்வரிசையிலே தாய்மார் கைதட்டுகிறார்கள்; முன்வரிசையிலே ஓசை குறைவாயிருக்கிறது.

முடிவாக ஒரு நடைமுறை யோசனையை முன்வைக்கிறேன். ஆறு குடிசைக்குப் பதிலாக ஆறு வீடுகள். முதல் வருடத்திலே ஒரே ஒரு முறை, வரும் மாசி அறுவடைக்கு, பன்னிரண்டு பேருக்கு மேற்படாமல். அவர்கள் உல்லாசமாக இருக்க வேண்டியதில்லை, மூட்டை தூக்கட்டும். போகும்போது ஒவ்வொரு வீட்டாரும் அடுத்த பருவத்தில் உள்ள ஏதாவது ஒன்றைச் சொல்லி அனுப்பட்டும். ஆனியிலே எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள் என்று எண்ணிப் பார்ப்போம். ஒருவரும் வராவிட்டால் என்னை இந்த மேடைக்கு மறுபடி அழைக்க வேண்டாம்.

என் நண்பர் இம்முறை தம் தமக்கையாரையும் மைத்துனரையும் அழைத்து வருவதாக எழுதியிருக்கிறார். அம்மம்மா அந்தப் பாயை எடுத்து வெயிலில் போட்டுவிட்டு, மைத்துனருக்குக் குரக்கன் பிட்டு ஒத்துக்கொள்ளுமோ என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆகவே ஆறு வீடுகளில் ஒன்று எங்கள் வீடு. மற்ற ஐந்து வீட்டுக்காரரும் கூட்டம் கலையுமுன் காரியதரிசியிடம் பெயர் கொடுக்கலாம்.